புது மொபைல் கடைக்கு எந்த போனை எடுப்பது? உங்கள் ஊரின் தேவையை நீங்களே கண்டுபிடிக்கும் வழி

குடியாத்தத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் வேலூரில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் லைன் பார்த்தேன். பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் என்று கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கிற வேலை. புதிதாகக் கடை போடும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எந்தக் கம்பெனி நல்லா ஓடும்?" என்பதுதான். எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. ஆம்பூரில் ஷூ கம்பெனி விடும் நேரத்தில் ஓடுகிற மாடல் காட்பாடியில் கல்லூரி வாசலில் ஓடாது.

இந்தக் கடைகள் பெரும்பாலும் வீட்டு நகையை அடகு வைத்துத்தான் தொடங்குகின்றன. நாலைந்து லட்சத்துக்குச் சரக்கு எடுத்து, அதில் பாதி கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டால், அதற்குள் அந்த மாடலின் விலை இறங்கிவிடும். பிறகு அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வெகுநாள் ஆகும். அதனால் சரக்கு எடுக்கும் முன் உங்கள் ஊரைப் படித்துவிடுங்கள். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பேக் கவர் கடையும் ரிப்பேர் மேசையும்

முதலில் உங்கள் ஏரியாவில் கவர், டெம்பர் கிளாஸ் விற்கிற கடையில் ஒரு மாலை நேரம் நில்லுங்கள். எந்த மாடல் கவர் அடிக்கடி தீர்கிறது, எது தூசி படிந்து தொங்குகிறது என்று பாருங்கள். டெம்பரை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஒரே அளவுக் கண்ணாடி நாலைந்து மாடலுக்குப் பொருந்தும், கடைக்காரரும் அப்படித்தான் எடுத்து ஒட்டுவார். பேக் கவர் அப்படி இல்லை. கேமராவுக்கு வெட்டிய இடம் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே கவர் வாங்குகிறவர் கையில் எந்த போன் இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. கவர் வியாபாரி சென்னை ரிச்சி தெருவிலிருந்து எந்த மாடலுக்குத் திரும்பத் திரும்பச் சரக்கு வரவழைக்கிறார் என்று கேட்டால், கடந்த ஒரு வருடத்தில் உங்கள் ஊருக்குள் வந்த போன்களின் பட்டியலே கிடைத்துவிடும். ஆன்லைனில் வாங்கியதும் அதில் அடங்கும். உங்கள் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாத விவரம் இது.

அடுத்தது சர்வீஸ் பார்க்கிற தம்பியின் மேசை. அவரிடம் எந்த மாடலுக்கு டிஸ்ப்ளே காம்போ (மாற்றிப் போடும் முழுத் திரை) அதிகம் போகிறது என்று கேளுங்கள். அது ஓரிரு வருடம் முன்னால் நன்றாக விற்ற போன். அந்த ஆட்கள்தான் அடுத்த போன் வாங்கப் போகிறவர்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: விழாமல், நனையாமல் தானாகப் பழுதாகி வருவது எது? சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் திரையில் பச்சைக் கோடு விழுந்தது என்று வந்து நிற்பவர்களை அவர் பார்த்திருப்பார். அப்படி ஒருவர் வந்தால் அவர் வீட்டில் நாலு பேர் அந்தப் பெயரை இனி வாங்க மாட்டார்கள். விளம்பரம் எவ்வளவு வந்தாலும் அது மாறாது.

உதிரிப் பாகம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வேலூரிலேயே இருக்கிறதா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சென்னை போய்வர முடியாதவர்கள்தான் நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். போனின் விலை ஆயிரம் ரூபாய் கூடினாலும் சர்வீஸ் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

பேப்பரில் வருகிற சந்தைக் கணக்கு

ஐடிசி (IDC), கவுண்டர்பாயிண்ட் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்தக் கம்பெனி முதலிடம் என்று வெளியிடுகின்றன. படியுங்கள், ஆனால் எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டு படியுங்கள். அதில் பெரும்பாலும் வருவது கம்பெனியிலிருந்து வெளியே அனுப்பிய எண்ணிக்கை. வாடிக்கையாளர் கைக்குப் போன எண்ணிக்கை வேறு. டீலர் குடோனில் தூங்குகிற பெட்டியும் முதல் கணக்கில் சேர்ந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதங்களின் கணக்கு அதனாலேயே பெரிதாகத் தெரியும்.

அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் கவுண்டரில் ஒரு காலத்தில் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா பெட்டிகள்தான் அடுக்கியிருந்தன. 2014-இல் ஷாவ்மி ஆன்லைன் வழியாக உள்ளே வந்தது, 2017 கடைசியில் சாம்சங்கையே தாண்டியது. 2024-இல் நாடு முழுவதற்குமான கணக்கில் விவோ முன்னால் நின்றது. அதனால் ஒரே பிராண்டை நம்பிக் கடை முழுக்க நிரப்புவது ஆபத்து. இன்னொன்று, பெயர் வேறாக இருந்தாலும் வீடு ஒன்றாக இருக்கும். ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மியிடமிருந்து வந்தவை, ஐக்யூ விவோவுடையது, ரியல்மி 2018-இல் ஓப்போவின் கிளையாகத் தொடங்கியது. கடைக்கு ஒரு பெயர், ஆன்லைனுக்கு ஒரு பெயர் என்று பிரித்து விற்பார்கள். வாடிக்கையாளர் ஆன்லைன் மாடலைக் காட்டி விலை கேட்கும்போது இது தெரிந்திருந்தால் நிதானமாகப் பேசலாம்.

தெருவில் தெரிகிற போர்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். விவோவின் நீல போர்டும் ஓப்போவின் பச்சை போர்டும் ஊர் ஊராக இருப்பதற்குக் காரணம் கம்பெனியே செலவு செய்து மாட்டித் தருவதுதான்.

எப்படிக் கேட்பது, எதை எழுதுவது

"உங்களுக்கு எந்த பிராண்ட் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஐபோன் என்பார்கள், இல்லாவிட்டால் சாம்சங் என்பார்கள். வாங்குவது வேறாக இருக்கும். அதற்குப் பதில் இப்போது கையில் என்ன போன், எப்போது வாங்கியது, யார் சொல்லி வாங்கினார்கள், மாதம் எவ்வளவு ரீசார்ஜ், அந்த போனில் எரிச்சல் தருவது எது என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னே காட்டுதுண்ணா" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு 64 ஜிபி போனை இனி விற்கவே கூடாது. எந்த பிராண்ட் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

ரீசார்ஜ் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு, ஜியோவிலும் ஏர்டெல்லிலும் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிளானில்தான் அளவில்லாத 5ஜி கிடைக்கும் என்று ஆனது. தினம் ஒன்றரை ஜிபி போடுகிறவருக்கு 5ஜி என்ற எழுத்து அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. அந்தக் காசில் நல்ல பேட்டரியும் கூடுதல் ஸ்டோரேஜும் கேட்பார். மலை மேலிருந்து, பீஞ்சமந்தை பக்கமிருந்து வருகிறவர் வேறு ரகம். அவருக்கு வீட்டில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறது என்பதே முதல் கேள்வி. பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. 700-ஐப் பிடிக்காத பழைய மாடலை அவர் தலையில் கட்டினால் மறுவாரம் திரும்பி வருவார், நியாயமான கோபத்தோடு.

கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் என்ன கேட்டார், என்ன வாங்கிப் போனார் என்று இரண்டு பத்தி. நாமே பேசித் தள்ளிவிட்டதாக இருந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கம்பெனி புரமோட்டர் நின்று பேசி விற்றதற்கும் அதே புள்ளி. மூன்றாவது பத்திதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: வாங்காமல் போனவர்கள். "அந்த மாடல் இல்லைங்க" என்று அனுப்பிவைத்த ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். விற்ற பில்லில் உங்களிடம் இருந்த சரக்கின் கதை மட்டும்தான் இருக்கும். ஊர் எதைத் தேடுகிறது என்பது இந்த மூன்றாவது பத்தியில் இருக்கும். நான் ஒவ்வொரு ஆர்டரையும் இதைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

நோட்டைப் புரட்டினால் ஆள் ஆளாகப் பிரிவது தெரியும். ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் எடை குறைவாக, முகம் தெளிவாக விழும் கேமராவோடு கேட்பார்கள். நிறத்தை அவர்களே முடிவு செய்வார்கள், அதில் நாம் வாய் திறக்கக் கூடாது. ஆட்டோக்காரர்களுக்கும் காய்கறி வண்டிக்காரர்களுக்கும் ஸ்பீக்கர் சத்தம், வெயிலில் தெரிகிற திரை. கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்கு ஆள் அனுப்புகிற ஊரில் வீடியோ கால் தெளிவாக இருக்க வேண்டும், எல்லையில் இருக்கிற பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். வயதானவர்களுக்கு வாங்க வருகிறவர் பெரும்பாலும் மகளாகவோ பேரனாகவோ இருப்பார். அவர்கள் கேட்கும் பிராண்டை விட அந்தப் பெரியவர் இப்போது பழகியிருக்கும் பிராண்டையே கொடுப்பது நல்லது. மெனு மாறினால் தடுமாறிப் போவார்கள்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கம் கடை போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். போன் உடைந்திருக்கும், சார்ஜர் தொலைந்திருக்கும், ஊரில் இருக்கிறவர்களுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டியிருக்கும். அவர்களுக்கு இன்றே வேண்டும், விலை குறைவாக வேண்டும். சாம்சங், ரெட்மி மாதிரி அவர்கள் ஊரிலும் சர்வீஸ் உள்ள பெயராக இருந்தால் நிம்மதி. கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்த பையன் ஒருவன் கடையில் இருக்கட்டும். வங்கதேசத்துக்காரர் என்றால், வாரண்டி பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்பதைப் பில் போடும் முன் சொல்லிவிடுங்கள். மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்துதான் அவர்கள் எடுத்துத் தருகிறார்கள்.

காட்பாடி விஐடி பல்கலைக்கழகம் பக்கம் போனை விட கவரும் சார்ஜரும் ரிப்பேரும்தான் வியாபாரம். பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனோடு வருகிறார்கள், அடுத்ததை ஆன்லைனில் ஆஃபர் பார்த்து எடுக்கிறார்கள்.

விலையை வாடிக்கையாளர் எப்படிப் பார்க்கிறார்

10,000, 15,000, 20,000 என்று மனசுக்குள் கோடுகள் இருக்கும். தவணை வந்ததும் அந்தக் கோடுகள் மாறிவிட்டன. 12,000 ரூபாய் போனுக்கு 12 மாதத் தவணை என்றால் மாதம் 1,000. 18,000 ரூபாய் போனுக்கு 1,500. கடைக்கு வந்தவர் கண்ணுக்கு 6,000 வித்தியாசம் தெரியாது, 500 தெரியும். அதனால் 18,000 மாடலும் இரண்டொன்று வையுங்கள். ஆனால் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, தவணை தவறினால் அபராதம் எவ்வளவு, போன் லாக் ஆகுமா என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தினக்கூலி வீட்டில் போன் லாக் ஆனால் ஜிபேயும் நின்றுபோகும், வேலைக்கு வரச் சொல்லும் அழைப்பும் வராது.

விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-க்கு முன் அது 12 ஆக இருந்தது. 18,000 ரூபாய் போனில் சரக்கின் விலை சுமார் 15,254, மீதி வரி. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

ஆர்டர் போடும்போது

நாள் பார்த்து எடுங்கள். ரம்ஜானுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம். தீபாவளி போனஸுக்குத் தோல் கம்பெனி ஊர்கள் முழுக்க. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வருவார்கள், அம்மாவுக்கு ஒரு போன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிளஸ் டூ முடிவும் அதை ஒட்டித்தான் வரும். அதன் பிறகு ஆடித் தள்ளுபடி வரை கை இறுக்கம்.

தொடக்கத்தில் ஒரு மாடலுக்கு ஒரு பெட்டி, அதிகம் கேட்கிற நிறத்தில் மட்டும். விற்றால் மறுநாள் வரவழைத்துக்கொள்ளலாம், வேலூரிலிருந்து லைன் வண்டி வருகிறது. "இருபது பீஸ் எடுங்க, ஸ்கீம் இருக்கு" என்பார்கள், மொத்தமாக எடுத்தால் கம்பெனி தரும் சலுகைதான் ஸ்கீம். ஸ்கீமில் வருவதை விட, நின்றுபோகிற மூன்று பீஸில் போவது அதிகம். விலை இறங்கினால் கிரெடிட் நோட் (வித்தியாசத்தைக் கழித்துத் தரும் சீட்டு) தருவார்களா, எத்தனை நாள் சரக்குக்கு, ஆக்டிவேட் ஆகாத பெட்டிக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் சரி.

பழைய போன் எடுத்து விற்பதும் நல்ல வியாபாரம், குறிப்பாகப் பழைய ஐபோனுக்கு இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். *#06# போட்டு ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, கேஒய்எம் (KYM) என்ற ஆங்கில எழுத்துகளோடு அதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்ற விவரம் வந்துவிடும். சந்தேகம் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொடுக்கிறவரின் அடையாள நகலும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு போனையும் கவுண்டருக்கு உள்ளே எடுக்காதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பெட்டிகள் நிற்கும். ஒன்றரை மாதம் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். குடியாத்தத்தில் போகாத நிறம் ஆரணியிலோ ஆற்காட்டிலோ போய்விடும். நீங்களே நேராக வேறு ஏரியா கடைக்கு மாற்றினால் கம்பெனி கண்டுபிடித்து ஸ்கீம் பணத்தைப் பிடித்துக்கொள்ளும், ஐஎம்இஐ எங்கே ஆக்டிவேட் ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் லைன் பையனிடம் சொன்னால் அவரே பில்லைத் திருப்பி, வேறு கடைக்குப் போட்டுக் கொடுப்பார். மாத டார்கெட் முடிகிற கடைசி வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் அவருக்கு சரக்கு வெளியே போவதுதான் முக்கியம், திரும்பி வருவதைக் கையில் வாங்க மாட்டார்.