ஜெல்லில் பேண்ட் சரி, புரதம் சரியா? டி-ஆர்என்ஏ விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடை, மதியக் கூட்டம். நீங்கள் கேட்டது தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். ட்ரேயில் தே ஓதான் திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சர்க்கரைதான் வித்தியாசம். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புவீர்கள். கோசோங் வரவே தாமதமானால், ஏதோ ஒரு தடவை தே ஓவை வாங்கிக் குடித்துவிடுவீர்கள்.

ஈ. கோலை பாக்டீரியாவில் புரதத்தைக் கட்டும் இயந்திரமான ரைபோசோமுக்கும் இதே கதிதான். ஏஜிஏ என்ற கோடான் (ஜீனின் மூன்றெழுத்துச் சொல்) ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் கேட்கிறது. அதைச் சுமந்துவரும் மூலக்கூறான டி-ஆர்என்ஏ இந்த பாக்டீரியாவில் அபூர்வம். ஏஏஏ-வுக்கான லைசின் (இன்னொரு அமினோ அமிலம்) டி-ஆர்என்ஏ தாராளம், இரண்டு கோடான்களுக்கும் நடு எழுத்து மட்டுமே வேறு. ரைபோசோம், ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உடையும் முன்னும் பின்னும் இருமுறை சரிபார்க்கிறது என்றாலும், தவறான ஆள் அடிக்கடி கதவைத் தட்டினால் சில தடவை உள்ளே நுழைந்துவிடுவார். எனவே பிழையின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் போட்டிதான்.

"அபூர்வ கோடான் இருந்தால் புரதம் குறைவாக வரும், அவ்வளவுதான்" என்று நானும் நம்பியவன். கோலாலம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மனித ஜீன் ஒன்றை ஈ. கோலையில் ஓட்டினேன். மனித ஜீன்களில் ஏஜிஏ, ஏஜிஜி நிறைய வரும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பேண்ட் பளிச்சென்று இருந்தது, என்சைம் மட்டும் ஒரு நாள் ஒரு மாதிரி வேலை செய்தது. மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் போட்ட பிறகுதான், பிரதான சிகரத்துக்கு 28 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கீழே இன்னொரு சிகரம் தெரிந்தது. ஆர்ஜினின் இடத்தில் லைசின் உட்கார்ந்தால் குறையும் எடை அதுதான். இதை ஜெல் காட்டவே காட்டாது.

சரி, அபூர்வ டி-ஆர்என்ஏக்களைக் கூடுதலாகத் தரும் ரொசெட்டா என்ற ஈ. கோலை ரகத்துக்கு மாறினால்? நல்லது. ஆனால் அதன் கூடுதல் டி-ஆர்என்ஏ ஜீன்கள் இருப்பது குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பிளாஸ்மிடில், அதாவது தனியான டிஎன்ஏ வளையத்தில். மீடியாவில் அந்த மருந்தைப் போட மறந்தால் பிளாஸ்மிட் நழுவிவிடும். இது எல்லாரும் ஒரு தடவையாவது செய்யும் தவறு.

அப்புறம், ஒரு டி-ஆர்என்ஏவை அளவுக்கு மீறிப் பெருக்குவதும் வம்புதான். கோசோங்கையே ட்ரே முழுக்க நிரப்பினால் தே ஓ கேட்டவர் என்ன செய்வார்?

எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. அமினோ அமிலம் ஏறாத டி-ஆர்என்ஏ வெறும் கிளாஸ் மாதிரி. அஸ்பராஜின் பற்றாக்குறையில் வாடும் ஈ. கோலையில் அதன் இடத்தில் லைசின் நுழைந்துவிடும், டி-ஆர்என்ஏ ஜீன் எதுவும் குறையாமலேயே.

நான் இப்போது ஜீனை ஆர்டர் செய்யும்போதே ஏஜிஏ-வை, ஆர்ஜினினையே கேட்கும் ஆனால் ஈ. கோலையில் சகஜமான சிஜிடி ஆக்கிவிடுகிறேன். எல்லா அபூர்வ கோடானையும் மாற்றுவதில்லை. சில புரதங்கள் சரியாக மடிய அந்த மெதுவான இடங்கள் தேவைப்படும்.