ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைல் நல்லா இருக்கான்னு செக் பண்றப்ப செய்யக்கூடாத தப்புங்க

கோடிங் ஏஜென்ட்டுக்குன்னு (தானா கோட் எழுதி கமாண்ட் ஓட்டுற ஏஐ டூல்) ரெப்போல, அதாவது ப்ராஜெக்ட்டோட கோட் இருக்குற இடத்துல, ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபைல் போடுறது இப்ப சகஜமாயிடுச்சு, கிளாட் கோடுக்கு கிளாட்.எம்டி (CLAUDE.md), கோடெக்ஸ் மாதிரி பல டூலுக்கு ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md). எப்படி எழுதணும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, ஆனா எழுதி வச்சது உருப்படியான்னு பாக்குற இடத்துல தான் பல டீம் கோட்டை விடுது.

முதல் தப்பு, படிச்சுப் பாத்தே மார்க் போடுறது. ஹெட்டிங் அழகா இருக்கு, தெளிவா இருக்கு, அப்ரூவ்னு முடிச்சிடுறாங்க. அதை வச்சு ஏஜென்ட் என்ன பண்ணுதுன்னு தான் பாக்கணும். கிட் ஹிஸ்டரில (கோட் மாத்தம் எல்லாம் பதிவாகிற இடம்) ஏற்கனவே ஃபிக்ஸ் பண்ண ஒரு பக்-ஐ எடுங்க, ஃபிக்ஸுக்கு முந்தின கமிட்டுக்கு (அப்ப சேவ் ஆன கோடுக்கு) போங்க, இன்னைக்கு இருக்குற ஃபைலை வச்சு ஒரு தடவை, அதை எடுத்துட்டு ஒரு தடவைன்னு அதே வேலையை குடுங்க. ஒரே ரன்ல முடிவு கட்டாதீங்க, இந்த மாடல்ங்க ஒவ்வொரு தடவையும் வேற வழில போகும், ரெண்டு பக்கமும் சில தடவை ஓட்டினா தான் வித்தியாசம் ஃபைலால வந்ததா சும்மா வந்ததான்னு புரியும். டெஸ்ட் பாஸ் ஆச்சான்னு மட்டும் பாத்துட்டு போயிடாம லாக்-ஐயும் (ஏஜென்ட் செஞ்சதெல்லாம் பதிவாகிற log) திறந்து பாருங்க, எந்த கமாண்டை முதல்ல ஓட்டுச்சு, எங்க தேடி அலைஞ்சுது, எல்லாம் அங்க தான் இருக்கும்.

அடுத்தது, செக் பண்ணவே முடியாத வரிக்கு மார்க் போடுறது. "கோட் சுத்தமா இருக்கணும், டெஸ்ட் மறக்காதே"ன்னு இருந்தா ஏஜென்ட் அதை கேட்டுச்சா இல்லையான்னு டிஃப்-ஐ (கோட்ல என்ன மாறுச்சுன்னு காட்டுற பட்டியல்) பாத்து உங்களால சொல்ல முடியுமா? "பேமென்ட் ஃபோல்டர்ல கை வச்சா அந்த ஃபோல்டரோட டெஸ்ட் மட்டும் பைடெஸ்ட்ல ஓட்டு, அதுக்கு முன்னாடி டாக்கர்ல போஸ்ட்கிரெஸ் ஓடுதான்னு பாரு" அப்படின்னு இருந்தா (பைடெஸ்ட் டெஸ்ட் ஓட்டுற டூல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், டாக்கர் அதை தனியா ஓட்டி வைக்கிற டூல்) லாக்லயே தெரிஞ்சிடும். இந்த மாதிரி வரி எத்தனை இருக்குன்னு எண்ணினாலே ஃபைலோட தரம் பாதி புரிஞ்சிடும்.

நீளமா இருந்தா நல்ல ஃபைல்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. பொதுவா இந்த ஃபைல் ஒவ்வொரு செஷன்லயும் கான்டெக்ஸ்ட்ல, அதாவது மாடல் ஒரே நேரத்துல படிக்கிற இடத்துல ஏறும், டோக்கனும் (மாடல் எழுத்தை எண்ணுற அளவு) செலவாகும், முக்கியமான வரியும் கூட்டத்துல காணாம போகும். கோடெக்ஸ்ல டீஃபால்ட்டா 32 கேபி வரைக்கும் தான் எடுத்துக்கும், அதுக்கு மேல எழுதினது உள்ளயே போகாது. சந்தேகமா இருக்குற வரியை தூக்கிட்டு ஓட்டிப் பாருங்க, ஏஜென்ட் தடுமாறலன்னா அந்த வரி வேண்டாம்.

ரொம்ப டேஞ்சரானது பழசாப்போன வரி. ரெப்போல என்பிஎம்-லேர்ந்து பிஎன்பிஎம்-க்கு (ரெண்டும் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல்) மாறி லாக் ஃபைல்லாம் (எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கிற lock file) மாத்தியாச்சு, ஆனா ஏஜென்ட்ஸ்.எம்டில இன்னும் என்பிஎம் இன்ஸ்டால்னு கிடக்கும், ஏஜென்ட் அதை நம்பி ஓட்டி புதுசா ஒரு லாக் ஃபைலை உருவாக்கி பிஆர்ல (மாத்தின கோடை சேக்கச் சொல்லி அனுப்புற புல் ரிக்வெஸ்ட்) சேத்து விட்டுடும். ஃபைலே இல்லாம இருந்திருந்தா ரெப்போவை பாத்து சரியா கூட பண்ணியிருக்கும். அதனால புதுசா குளோன் பண்ணி ஃபைல்ல இருக்குற ஒவ்வொரு கமாண்டையும் நீங்களே காப்பி பண்ணி ஓட்டிப் பாருங்க, ரிவ்யூன்னா இதுவும் சேத்தி தான்.

இன்னொரு ஏஐ கிட்ட குடுத்து பத்துக்கு எத்தனைன்னு கேக்குறதும் ஓடிட்டு இருக்கு. ஃபைலை மட்டும் குடுத்தா அதுக்கு உங்க ரெப்போ தெரியாது, எழுத்து நீட்டா இருந்தா மார்க்கை அள்ளிக் குடுத்துடும். வரிக்கு வரி முரண்பாடு இருக்கான்னு தேட யூஸ் பண்ணுங்க, அதுக்கு நல்லாவே உதவும்.

"மெயின் பிராஞ்சுக்கு புஷ் பண்ணவே கூடாது"ன்னு தடிமனா எழுதியிருந்தா பாதுகாப்பா இருக்குன்னு டிக் போடாதீங்க. அது வெறும் வேண்டுகோள் தான், பெரும்பாலும் கேக்கும், என்னைக்காவது மீறும். பிராஞ்ச் புரொடெக்‌ஷன் (நேரடி புஷ்ஷை தடுக்குற ரெப்போ செட்டிங்) போட்டிருக்கா, ஏஜென்ட்டுக்கு குடுத்த ஆக்சஸ் டோக்கனுக்கு (ரெப்போக்குள்ள போற சாவி) என்ன பெர்மிஷன் இருக்குன்னு பாருங்க. ஸ்பேஸா டேபான்ற மாதிரி விஷயத்தையும் ஃபார்மேட்டர் (கோடை தானா ஒழுங்குபடுத்துற டூல்) கிட்ட விட்டுடலாம், ஃபைல்ல இடம் மிச்சம்.

மாடல் மாறினா பழைய ரிசல்ட்டை நம்பாதீங்க, முந்தின மாடல் சொதப்புனதுக்காக சேத்த வரிங்க புதுசுக்கு தேவைப்படாம போகலாம், அதே டாஸ்க்குகளை எடுத்து மறுபடி ஓட்டிடுங்க.