பன்றிப் பண்ணை நாற்றம்: தவறு ஹோஸ் பைப்பில் தொடங்குகிறது

வெண்பன்றிப் பண்ணைக்காரரிடம் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவது பெரும்பாலும் நாற்றத்துக்காகத்தான். அவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "தினமும் ரெண்டு வேளை கழுவி விடறேனே!" கோளாறே அந்தக் கழுவலில்தான் இருக்கிறது.

நூறு கிலோ பன்றி ஒரு நாளைக்குச் சாணமும் சிறுநீருமாக 6 முதல் 8 கிலோ வரை கழிக்கும். அள்ளாமல் ஹோஸைத் திறந்தால் அது பல மடங்கு குழம்பாகிவிடும். சிறுநீரில் யூரியா, சாணத்தில் யூரியேஸ் என்ற நொதி. இரண்டும் கலந்தால் கண்ணை எரிக்கும் அம்மோனியா கிளம்பும். அதே குழம்பு காற்றுப்படாத குழியில் கிடந்து அழுகினால் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு வரும். அதனால் முதலில் மண்வெட்டி, அப்புறம்தான் தண்ணீர். தரையைச் சாய்வாகப் போட்டிருந்தால் சிறுநீர் தானாக வடிந்துவிடும்.

பன்றியை அழுக்குப் பிராணி என்பது அநியாயம். இடம் விட்டு வளர்த்துப் பாருங்கள், படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளி, ஈரமான ஒரு மூலையில்தான் போய்க் கழிக்கும். வியர்த்துக் குளிர வழியில்லாத உடம்பு அது. நெரிசலில் அடைத்து வெயிலில் வேகவிட்டால்தான் சாணத்தில் புரளும். புரண்ட பன்றியின் உடம்பெல்லாம் வாடைதான்.

வாடையை அடக்க பெனாயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுவது இன்னொரு வழக்கம். கழிவு சாண எரிவாயுக் கலனுக்குப் போகிறதென்றால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிரிகளும் செத்துப்போகும், கேஸ் நின்றுவிடும். சாணத்தின் மேல் பழி போடுமுன், பன்றித் தீனிக்காக வாங்கி வெயிலில் திறந்து கிடக்கும் ஹோட்டல் மிச்சச் சாப்பாட்டு டிரம்மையும் ஒருமுறை மோந்து பாருங்கள்.

பன்றி எருவில் தழைச்சத்து அதிகம், கரிமச்சத்து குறைவு. தனியாகக் குவித்தால் நாறும். வைக்கோலோ மரத்தூளோ கலந்து, வாரம் ஒருமுறை புரட்டினால் குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறி மக்கும். மக்காத பச்சை எருவைக் கீரைப் பாத்தியில் போடவே கூடாது.

மண்ணில் வெறும் குழி வெட்டி, அதுவும் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டி, கழிவைத் தேக்குகிறவர்களும் உண்டு. நைட்ரேட் கசிந்து குடிநீரில் இறங்கும். சிமென்ட் பூசிய தொட்டியானாலும் ஐப்பசி மழைக்கு முன்பே காலி செய்து வைக்க வேண்டும். 1995 ஜூனில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பலத்த மழைக்குப் பின் ஒரு பன்றிக் கழிவுக் குட்டையின் கரை உடைந்தது. சுமார் 9.5 கோடி லிட்டர் கழிவு நியூ ஆற்றில் கலந்து, மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன.

தொட்டியைத் தூர்வார ஆளை இறக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். குழம்பைக் கிளறியதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குபுக்கென்று வெளியேறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். "நாத்தம் இல்லியே, எறங்கலாம்" என்று தோன்றுகிற நேரம் அதுதான். உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்தாலும் காப்பாற்ற நீங்கள் குதிக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு, 101-க்கு, போன் போடுங்கள்.