வடசென்னையில் கொன்றை எண்ணுவது எப்படி

பெரம்பூர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது காலை ஆறு மணிக்கு நோட்டும் தையல் டேப்புமாகக் கிளம்பி, பெரம்பூர், வியாசர்பாடித் தெருக்களில் கொன்றை மரங்களைக் கணக்கெடுக்கிறேன். நீங்களும் தொடங்கலாம். என் முதல் வருடத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். மஞ்சளாகப் பூத்ததையெல்லாம் கொன்றை என்று எழுதி, இரண்டு நோட்டு வீணாய்ப் போனது.

சித்திரை, வைகாசிதான் சரியான நேரம். ஒரு நாளைக்கு ஒரு தெரு போதும். பக்கத்து வீட்டுக் கதவு எண், தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் அடிமரச் சுற்றளவு, இலை, பூ, காய் என்று வரிசையாக எழுதுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம், உதிர்ந்த பூவே போதும்.

முதலில் இலை. ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். காம்பு மறுபடி கிளைத்துப் பொடிப்பொடி இலையாக இருந்தால் அது பெருங்கொன்றை. பேரில் கொன்றை இருந்தாலும் அது பெல்டோஃபோரம் என்ற வேறு பேரினம் (நெருங்கிய உறவுள்ள செடி வகைகளின் கூட்டம்).

அப்புறம்தான் நுணுக்கமான வேலை. சரக்கொன்றைப் பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பாருங்கள். பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். அவற்றில் மூன்று மட்டும் நீளமாக, கீழே இறங்கி மறுபடி மேலே வளைந்து, காசிமேட்டுத் தூண்டில் முள் மாதிரி நிற்கும். அந்த வளைவுதான் காசியா பேரினத்தின் அடையாளம். சாலையோரத்து மஞ்சள் கொன்றையில் அந்த வளைவு இருக்காது, அது சென்னா பேரினம். ஆவாரையும் சென்னாதான். அதன் சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தேன் சுரப்பிகள் இருக்கும், காம்படியில் காது மாதிரி இரண்டு மடல்கள் இருக்கும். ஆனால் சுரப்பி இல்லை என்பதற்காகக் காசியா என்று முடிவு கட்டாதீர்கள். மஞ்சள் கொன்றையிலும் சுரப்பி கிடையாது. இங்கேதான் நான் ரொம்ப நாள் தடுமாறினேன்.

பழைய புத்தகங்களில் எல்லாமே காசியா என்றுதான் இருக்கும். 1982இல் இர்வின், பார்னெபி என்ற இரு தாவரவியலாளர்கள் அதைக் காசியா, சென்னா, கமைகிரிஸ்டா என மூன்றாகப் பிரித்தார்கள். அதனால் நோட்டில் பழைய பேரையும் புதுப் பேரையும் சேர்த்தே எழுதுங்கள்.

பூ கிடைக்காத மரத்துக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு, தை மாதம் திரும்பிப் போங்கள். கறுத்த உருளைத் தடி போல ஒன்றரை அடிக்குக் காய் தொங்கினால் சரக்கொன்றை. பட்டையாக, கொத்துக் கொத்தாக இருந்தால் மஞ்சள் கொன்றை.