சின்ன லேப்டாப்பா, பெரிய லேப்டாப்பா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் "சின்னதா எடுக்கட்டுமா, பெருசா எடுக்கட்டுமா" என்று கேட்கும்போது நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். வாரத்தில் எத்தனை நாள் அதைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவீர்கள்? ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் அதன் முன்னால் உட்காருவீர்கள்? பட்ஜெட், பிராசசர் எல்லாம் அப்புறம்தான். வாரத்துக்கு ஐந்து நாள் தூக்கிப்போய் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் தட்டுபவருக்கு ஒரு மெஷின், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே எடுத்துவிட்டு தினமும் எட்டு மணி நேரம் உட்காருபவருக்கு வேறு மெஷின். உத்தேசமாகச் சொல்லாமல் ஒரு வாரம் தாளில் குறித்துவைத்துப் பாருங்கள், நினைத்திருந்த கணக்கு பெரும்பாலும் மாறிவிடும்.

எடையில் தொடங்கலாம். 13, 14 இன்ச் மெஷின்கள் பெரும்பாலும் 1.2 முதல் 1.5 கிலோ இருக்கும். 15.6 இன்ச் என்றால் 1.6 முதல் 2 கிலோ சொச்சம். கேமிங் லேப்டாப் 2 கிலோவை நன்றாகவே தாண்டும், அதன் சார்ஜர் மட்டுமே அரை கிலோவுக்கு மேல் வரலாம். விளம்பரத்தில் போடுவது மெஷினின் எடையை மட்டும்தான், நம் தோள் சுமப்பதோ சார்ஜரையும் சேர்த்து. சின்ன மெஷின்கள் பலவும் யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஆகும், அதே சார்ஜரில் போனையும் போட்டுக்கொள்ளலாம், பையில் ஒரு பொருள் குறையும்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. 11.6-க்கும் 15.6-க்கும் நான்கு இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் பரப்பளவில் பெரியது சின்னதைப் போல 1.8 மடங்கு. நான் இரண்டு வருடம் ஒரு 11.6 இன்ச் மெஷினில்தான் எல்லா வேலையும் செய்தேன். அதில் 1366 x 768 பிக்சல் திரை (பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் நுண்புள்ளி, குறுக்கே 1366, நெடுக்கே 768). எக்ஸெல்லைத் திறந்தால் மேலே மெனு, அதற்குக் கீழே ஃபார்முலா பட்டை, அடியில் டாஸ்க்பார் என்று எல்லாம் இடத்தைப் பிடித்தது போக இருபது சொச்சம் வரிகள்தான் மிஞ்சும். நூறு வரிக் கணக்கைச் சரிபார்க்க மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், உருட்டும் வேகத்தில் எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துபோகும். தமிழ் படிக்கும்போது இன்னொரு கஷ்டம். எழுத்தைச் சின்னதாக வைத்தால் புள்ளி தெளிவாகத் தெரியாது, க எது, க் எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். பெரிதாக்கினால் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிகூட நிற்காது. சின்னத் திரைதான் வேண்டும் என்றால்கூட 1920 x 1080-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

அதேபோல திரையின் அகல-உயர விகிதத்தையும் பாருங்கள். 16:10 விகிதத்தில் வரும் 14 இன்ச் திரையின் உயரம் சுமார் 18.8 செ.மீ. பழைய 16:9 விகிதத்தில் வரும் 15.6 இன்ச்சின் உயரம் 19.4 செ.மீ. அரை சென்டிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்! படிக்கவும் எழுதவும் உயரம்தானே முக்கியம், அதனால் என் கணக்கில் இப்போதைக்கு 16:10 உள்ள 14 இன்ச்தான் நல்ல நடுவழி.

விசைப்பலகைக்கு வருவோம். சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு சுமார் 19 மி.மீ. 13 இன்ச்சுக்கு மேல் போனால் பெரும்பாலும் இந்த அளவு கிடைத்துவிடும். அதற்குக் கீழே இடம் போதாமல் முதலில் சுருக்குவது வலது ஓரத்து விசைகளை. ஆங்கிலத்தில் அவை அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்றவை, அவ்வளவாக உறுத்தாது. தமிழ்99 என்னும் தமிழ் விசை அமைப்பில் தட்டுபவர்களுக்கோ ச, ந, ய, ழ நான்குமே அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன, ஒவ்வொரு வரியிலும் விரல் தடுமாறும். பெரிய மெஷினுக்கும் ஒரு குறை உண்டு. எண்களுக்குத் தனிப் பலகை வைத்திருப்பதால் எழுத்து விசைகள் இடப்பக்கம் தள்ளிப்போய், உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே தட்ட வேண்டியிருக்கும். கணக்கு வேலை செய்பவர்களுக்கு எண் பலகை அவசியம், மற்றவர்களுக்கு அது இல்லாததே நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: விலை குறைவு என்பதற்காக மட்டும் சின்னதை வாங்காதீர்கள். சின்ன லேப்டாப்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, உள்ளே நல்ல சரக்கை வைத்து எடையைக் குறைத்தது, அது விலை அதிகம். மற்றது, எல்லாவற்றையும் குறைத்தது. 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களை வைக்கும் மலிவான, மெதுவான சேமிப்பகம்) என்று போட்டிருந்தால் இரண்டாவது வகை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சமே அந்த 4-ம் 64-ம்தான். அதாவது ஓடும், அவ்வளவுதான், சில அப்டேட் வந்ததும் இடம் போதவில்லை என்று நிற்கும். இந்த வகையில் பெரும்பாலும் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் ஏற்றவும் வழியில்லை. எட்டு ஜிபி ரேம், உண்மையான எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடவே வேண்டாம், பதினாறு கிடைத்தால் இன்னும் நல்லது.

வீடியோ எடிட்டிங், பெரிய கேம், மணிக்கணக்காக ஓடும் கம்பைல் (எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றுவது) இதெல்லாம் உண்டென்றால் யோசிக்காமல் பெரியதற்குப் போங்கள். மெல்லிய உடம்பில் சூடு வெளியேற இடம் குறைவு, அதனால் பிராசசர் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே பிராசசர் பெயர் இரண்டு மெஷினில் இருந்தாலும் தடிமனான உடம்பில் இருப்பது கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும்.

பேட்டரியில் "பெரிய மெஷின், பெரிய பேட்டரி, அதிக நேரம்" என்று நினைக்க வேண்டாம். 60 வாட்-மணி (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரியை 12 வாட் குடிக்கும் மெஷினில் போட்டால் ஐந்து மணி நேரம். 40 வாட்-மணியை 8 வாட் குடிக்கும் மெஷினில் போட்டாலும் அதே ஐந்து மணி நேரம்தான்.

தினமும் தூக்கவும் வேண்டும், நீண்ட நேரம் உட்காரவும் வேண்டும் என்பவர்கள் சின்னதையே எடுத்து, மேசையில் ஒரு மானிட்டரும் தனி கீபோர்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது செய்வது இதுதான், கழுத்து வலி போனதற்கு மானிட்டர் கண் உயரத்தில் இருப்பது ஒரு காரணம். ஆனால் நிலையான மேசையே இல்லை, கட்டிலிலும் தரையிலும் மாறி மாறி உட்காருகிறோம் என்றால் மானிட்டர் திட்டம் சரிவராது, 15.6 இன்ச்சே மேல்.

கடைக்குப் போகும்போது தினமும் தூக்கும் பையையே கொண்டுபோங்கள். மெஷினையும் சார்ஜரையும் அதில் போட்டு மாட்டிக்கொண்டு கொஞ்சம் நடந்து பாருங்கள். பென்டிரைவில் உங்கள் வழக்கமான ஃபைல் ஒன்றைக் கொண்டுபோய்த் திறந்து, எழுத்தை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வைத்து எத்தனை வரி தெரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒரு பத்தி தமிழில் தட்டுங்கள், கூச்சப்படாமல் பத்து நிமிடம்.