மக்கள் தொடர்பு படிக்கப் போகிறவர்களுக்கு: வகுப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் செய்ய வேண்டியவை

மதுரையில் ஒரு நாளிதழில், செய்திகளைத் திருத்தும் பிரிவான டெஸ்க்கில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு ஒரு மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலராக (பிஆர்ஓ) வேலைக்குப் போனவள் நான். இப்போது சில கல்லூரிகளில் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். "என் மகள் கலகலப்பாகப் பேசுவாள், பிஆர்ஓ வேலைக்குச் சரியாக வருவாளா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கலகலப்பு நல்லதுதான். ஆனால் இந்த வேலைக்கு அதைவிட அவசியமான குணம் ஒன்று உண்டு. நிறுவனத்துக்குள் உட்கார்ந்துகொண்டே, வாசலுக்கு வெளியே நிற்பவர் என்ன கேட்பார் என்று யோசிக்க வேண்டும். அந்தக் கேள்வியை உள்ளே இருப்பவர்களிடம் தயங்காமல் கேட்டு, பதில் வாங்கும் வரை விடாமல் நிற்க வேண்டும். படிப்பையும் பயிற்சியையும் வேலை தேடுவதையும் இந்தக் குணத்தை வளர்க்கும் விதமாக அமைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எதைப் படிப்பது

தமிழ்நாட்டில் இளங்கலை அளவில் மக்கள் தொடர்பு பெரும்பாலும் தனிப் படிப்பாக இருப்பதில்லை. இதழியலிலோ விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியலிலோ ஒரு தாளாக, அதுவும் விளம்பரத்தோடு சேர்ந்து வரும். முதுகலையில்தான் வழி விரிகிறது. சென்னையில் மகளிர் கல்லூரியான ஸ்டெல்லா மாரிஸ் மக்கள் தொடர்பில் எம்.ஏ. நடத்தியிருக்கிறது. 1965-ல் தொடங்கப்பட்ட, இதழியலும் ஊடகமும் கற்றுத்தரும் டெல்லி ஐஐஎம்சி-யில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுகலை டிப்ளமோ உண்டு. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால், எந்தக் கல்லூரியானாலும் இந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இளங்கலையில் வேறொரு பாடத்தை ஆழமாகப் படித்துவிட்டு முதுகலையில் மக்கள் தொடர்புக்கு வருவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. மருத்துவமனையில் சேர்ந்தால் மருத்துவர் சொல்வது புரிய வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் சேர்ந்தால், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைச் சந்தைக்குத் தெரிவிக்கும் முன் நிருபரிடம் சொல்லக் கூடாது என்ற, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி தெரிந்திருக்க வேண்டும்; ஆண்டறிக்கையைப் படிக்கவும் தெரிய வேண்டும். தமிழ் இலக்கியம், பொருளாதாரம், உயிரியல் என்று எதைப் படித்தவருக்கும் இங்கே இடம் இருக்கிறது. ஏற்கெனவே விஸ்காமில் சேர்ந்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து அதன் செய்திகளை மட்டும் ஓராண்டு விடாமல் படித்தால் பெரும்பகுதி இடைவெளி நிரம்பிவிடும்.

வகுப்பில் வரலாறு சொல்லித் தருவார்கள். 1906-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில் விபத்துக்குள்ளானது. அந்த நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஐவி லீ, நடந்ததை மறைக்காமல் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார். தேர்வுக்காக ஆண்டை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். எப்படியும் விபத்தைப் பற்றி எழுதத்தான் போகிறார்கள் என்றால், சரியான தகவலை முதலில் தருவது யார் என்ற கேள்விதான் அங்கே முக்கியம்.

நம் ஊரில் பிஆர்ஓ என்றதும் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு வழி திறந்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் வெளியான 'நாடோடி மன்னன்' படத்தில் அந்தப் பணியைச் செய்தார். தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களையும் படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தவர் அவர். பத்திரிகைக்காரர்கள் சந்தேகம் வந்தால் அவரைத் தேடிப் போனார்கள். கேட்ட தகவல் கையில் இருக்கிற ஆளைத்தான் நிருபர் திரும்பத் திரும்ப அழைப்பார். எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே அதன் ஆவணங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்குங்கள்.

திங்கள்கிழமை காலை

என் மாணவர்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி இது. எல்லா மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. மனு எழுதித் தருபவர்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று வருகிறவர்கள் தங்கள் பிரச்சினையை எந்த வார்த்தையில் தொடங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அதே வளாகத்தில் நிருபர்கள் யாரிடம் போய்ப் பேசுகிறார்கள், எதைக் குறித்துக்கொள்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மாவட்ட நிர்வாகத்தின் செய்தி வெளியீடுகள் மாவட்ட இணையதளத்திலேயே கிடைக்கும். செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் அனுப்பும் அந்த வெளியீட்டில் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, மறுநாள் தினத்தந்தி, தினமணி, இந்து தமிழ் திசை மூன்றையும் வாங்குங்கள். எந்த வரி அப்படியே வந்திருக்கிறது, எது வெட்டப்பட்டது, கடைசிப் பத்தியில் கிடந்த எந்தத் தகவல் தலைப்பாக மாறியது என்று சிவப்பு மையால் குறியுங்கள். ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருமுறை இதைச் செய்தவர்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதத் தனியாகச் சொல்லித் தர வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை.

செய்திக்குறிப்பு எழுதுவது

மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் முதல் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மதுரையின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்றான எங்கள் மருத்துவமனை, தனது சமூகப் பொறுப்புணர்வின் ஒரு பகுதியாக, சர்க்கரை நோயாளிகளுக்கான மாபெரும் இலவசக் கண் பரிசோதனை முகாமை நடத்துவதில் பெருமிதம் கொள்கிறது."

மேலூரிலிருந்து வர நினைக்கும் ஒரு பெரியவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? நாள் இல்லை, இடம் இல்லை. டெஸ்க்கில் இருப்பவர் இந்த வாக்கியத்தை முழுவதுமாக அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நான் திருத்தச் சொல்லும் வடிவம்:

"மேலூர் அரசுப் பள்ளியில் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசக் கண் பரிசோதனை நடைபெறுகிறது. பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வர வேண்டும். கண்ணில் மருந்து விட்டுப் பரிசோதிப்பதால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். எனவே இருசக்கர வாகனம் ஓட்டி வராமல், துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். முகாம் பற்றி நிர்வாகம் தரும் தாளில் அது இருக்காது. கண் மருத்துவருக்கு அது தினசரி விஷயம் என்பதால் அவருக்கும் சொல்லத் தோன்றாது. "டாக்டர், பரிசோதனை முடிந்ததும் அவர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?" என்று நீங்கள் கேட்டால்தான் அது வெளியே வரும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சென்னை நிறுவனங்கள் பலவற்றில் குறிப்பை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, கடைசி நேரத்தில் தமிழுக்கு மாற்றுகிறார்கள். கணினி மொழிபெயர்ப்பு வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. தமிழ்ப் பத்திரிகைக்குப் போகும் குறிப்பைத் தமிழிலேயே யோசித்து எழுதத் தெரிந்த ஆளுக்கு வேலைச் சந்தையில் நல்ல மதிப்பு இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் இதைக் குறையாக நினைத்துக் கூச்சப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள், இரண்டிலும் தனித்தனியாக எழுதிப் பழகுங்கள்.

அனுப்புவதிலும் கவனம் தேவை. எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அனுப்பினால் மறுமுனையில் வெறும் குறிகள்தான் தெரியும். புகைப்படத்தை வேர்ட் கோப்புக்குள் ஒட்டாமல் தனியாக இணையுங்கள். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக, தலைப்பெழுத்து, பதவி உட்பட எழுதுங்கள். கீழே உங்கள் கைபேசி எண்ணைத் தந்துவிட்டு, பக்கம் முடியும் நேரம் வரை எடுக்கத் தயாராக இருங்கள். இரவில் துணை ஆசிரியர் ஒருவர் "பேரில் சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?" என்று கேட்க அழைப்பார். அந்த அழைப்பை எடுக்கும் ஆளின் அடுத்த குறிப்புக்குத் தனி மரியாதை கிடைக்கும்.

நிருபருக்குக் 'கவர்', அதாவது உறையில் பணம், கொடுக்கும் பழக்கம் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். உங்கள் நிறுவனம் கொடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். காசு கொடுத்து வந்த செய்தியை மறுநாள் வேறொருவர் அதைவிட அதிகம் கொடுத்து மாற்ற முடியும். நேர்மையான நிருபர் ஒருவரின் நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

நெருக்கடி வரும்போது

பாடத்தில் இரண்டு நிகழ்வுகள் கட்டாயம் வரும். 1982-ல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதும் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு மீண்டும் சந்தைக்கு வந்தது. இரண்டாவது, 2015-ல் நம் நாட்டில் மேகி நூடுல்ஸ். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் ஈயம் அளவுக்கு அதிகமாக இருப்பதாகச் செய்தி பரவியது. ஜூன் 5-ல் நெஸ்லே சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது, உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடை விதித்தது. ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் பொருள் கடைக்குத் திரும்பியது.

மேகி நிகழ்வுக்கு ஒரு காலவரிசை தயாரியுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்று மளிகைக் கடையில் நிற்கும் ஒரு தாய்க்கு என்ன கேள்வி இருந்திருக்கும், அதற்கு நிறுவனத்திடமிருந்து என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். பதில் இல்லாத நாள்களே உங்களுக்குப் பாடம். நீதிமன்றத்தில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு வந்தாலும், அந்த நாள்களில் மக்கள் மனத்தில் பதிந்தது எளிதில் அழியவில்லை.

மருத்துவமனையில் நெருக்கடி வேறு விதமாக வரும். சிகிச்சையில் இருந்தவர் இறந்துவிட்டார், உறவினர்கள் வாசலில் அமர்ந்துவிட்டார்கள், தொலைக்காட்சி மைக்குகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேச வேண்டியது குடும்பத்திடம்; அதற்கு மூத்த மருத்துவரை அழைத்துவர வேண்டியது உங்கள் பொறுப்பு. அடுத்தது ஊழியர்கள். வாசல் காவலாளியிடமும் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமும்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், அவர்கள் கையில் ஒரு வரியாவது கொடுத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் செய்தியாளர்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். நோயாளியின் நோய் விவரத்தைக் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் சொல்லாதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.

படிக்கும்போதே வேலைக்குத் தயாராவது

இன்டர்ன்ஷிப்பை பிஆர் நிறுவனத்தில் தொடங்காமல், முதலில் ஒரு பத்திரிகையிலோ வானொலியிலோ செய்யுங்கள். விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் போன்றவை இருக்கின்றன; உங்கள் ஊர் நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டாலும் வாய்ப்புக் கிடைக்கலாம். நாள் ஒன்றுக்கு எத்தனை குறிப்புகள் வந்து குவிகின்றன, அவற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தவர் எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது இன்டர்ன்ஷிப் பிஆர் நிறுவனத்தில் இருக்கட்டும்.

வேலைக்கு எடுத்துச் செல்லும் கோப்பில் சான்றிதழ்களை அடுக்க வேண்டாம். நீங்கள் எழுதிய குறிப்பு, அது அச்சில் வந்த விதம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கல்லூரி ரத்ததான முகாமுக்கு எழுதியதாக இருந்தாலும் போதும். அதோடு விளைவையும் எழுதுங்கள். செய்தி வந்த இடத்தின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி 'இத்தனை லட்சம் மதிப்பு' என்று காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மக்கள் தொடர்புப் பணியின் பலனை எப்படி அளப்பது என்று சொல்லும், 2010-ல் வெளியான பார்சிலோனா கோட்பாடுகள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. முகாமுக்கு வந்தவர்களிடம் "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று பதிவு மேசையில் கேட்டு எழுதிய தாள் அதைவிட எவ்வளவோ மேல்.

அரசு வேலையில் விருப்பமுள்ளவர்கள் மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறையையும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தையும் கவனியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக்களைப் பெறும் பொதுத் தகவல் அலுவலர் வேறு, மக்கள் தொடர்பு அலுவலர் வேறு. நேர்காணலில் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. 1958-ல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் ஏப்ரல் 21-ஐத் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அதையொட்டி நடக்கும் கூட்டங்களுக்குப் போனால், வேலையில் இருப்பவர்களை நேரில் சந்திக்கலாம்.

தனியார் நிறுவனத்தின் நேர்காணலில் கடைசியாக "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள். சம்பளத்துக்கு முன் இதைக் கேளுங்கள்: "ஒரு பிரச்சினை வந்தால் நான் நேரடியாக யாரிடம் போய்க் கேட்கலாம்?" நிர்வாக இயக்குநரிடமோ தலைமை மருத்துவரிடமோ எந்த நேரமும் பேசலாம் என்றால் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் சேருங்கள். சந்தைப்படுத்தல் பிரிவின் மேலாளர் வழியாகத்தான் எல்லாம் என்றால், அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது விளம்பர வாசகம் எழுதும் வேலையாக இருக்கலாம். அது வேண்டுமா என்று இரண்டு நாள் அவகாசம் கேட்டு வீட்டில் பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.