சுருங்கிப்போன ஸ்வெட்டரில் குழந்தைக்கு ஒரு பேன்ட்

கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாத்தனமாக வெந்நீரில் போட்டுத் துவைத்து, வெளியே எடுத்தால் பாதி அளவுக்குச் சுருங்கிக் கிடந்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியென்றால் இதில் பாதி வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தூக்கிப்போட மனசு வராமல் அதைப் பிசைந்துகொண்டே இருந்தபோதுதான் கவனித்தேன், பின்னலின் கண்ணிகளே தெரியாமல் மெத்தென்று ஒரே துணியாகியிருந்தது. ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

கம்பளி இழையின் மேல் மீனுக்கு இருப்பதுபோலப் பொடிப்பொடியாகச் செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் விடாது. அக்ரிலிக் என்ற செயற்கை இழையில் இது நடக்காது. அதனால் முதலில் லேபிளைப் பாருங்கள்: கம்பளி 100 சதவீதம் இருந்தால் நல்லது, குறைந்தது 80 இருக்க வேண்டும். கம்பளியாகவே இருந்தாலும் ‘சுருங்காது, மெஷினில் துவைக்கலாம்’ என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அந்தச் செதில்களை முன்பே மழுங்கடித்திருப்பார்கள். லேபிளே இல்லையா? உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாசனையோடு பொடியாக உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். ஸ்வெட்டரை உங்கள் கழுத்தில் கொஞ்ச நேரம் சுற்றி வைத்திருங்கள். அரித்தால் குழந்தையின் தோலில் படக் கூடாது, பழைய பருத்தி டி-ஷர்ட்டை உள்துணியாக வைத்துத் தைக்கலாம். மெரினோ, காஷ்மியர் மாதிரி மென்மையான கம்பளி கிடைத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

வேண்டுமென்றே சுருக்குவதாக இருந்தால் ஸ்வெட்டரைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி (மெஷினில் பஞ்சு அடைக்காமல் இருக்க), உராய்வுக்குப் பழைய ஜீன்ஸ் ஒன்றையும் சேர்த்து 40 டிகிரியில் ஓட்டுங்கள். எடுத்து ஓரத்தில் சின்னதாக வெட்டிப் பாருங்கள், நூல் பிரிந்தால் 60-இல் இன்னொரு முறை. பேன்ட்டுக்கு ரொம்பவும் கெட்டியாக விடக் கூடாது, குறுக்கே இழுத்தால் கொஞ்சமாவது நெகிழ வேண்டும். குழந்தைக்குத் துணிக் காலணி தைப்பதாக இருந்தால் அட்டை மாதிரி தடித்தாலும் பரவாயில்லை.

இப்போது பேன்ட். ஸ்வெட்டரின் இரண்டு கைகள்தான் இரண்டு கால்கள், மணிக்கட்டுப் பட்டி அப்படியே கணுக்கால் பட்டியாகிவிடும், ஓரம் மடிக்கிற வேலையே கிடையாது. கைகளை அக்குளோடு வெட்டி எடுங்கள். குழந்தைக்குச் சரியாக இருக்கும் பேன்ட் ஒன்றை நீளவாக்கில் மடித்து மேலே வைத்து அளவெடுங்கள், தையலுக்கு 1 செ.மீ. விடுங்கள், நீளத்தில் 5 செ.மீ. கூடுதலாக இருந்தால் இப்போதைக்கு மடித்துவிட்டுக் கொள்ளலாம். கையின் உள்பக்கத் தையலை மேலிருந்து இடுப்புக்கும் கவட்டுக்கும் உள்ள தூரம் வரை மட்டும் பிரித்துவிட்டு, இரண்டு கால்களின் நல்ல பக்கங்களும் உள்ளே எதிரெதிராக இருக்கும்படி வைத்து, முன் இடுப்பிலிருந்து கவட்டு வழியாகப் பின் இடுப்பு வரை ஒரே வளைவாகத் தைக்க வேண்டும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட 3 செ.மீ. உயரமாக இருக்கட்டும், டயப்பர் அங்கேதான் புடைக்கும். முதல் பேன்ட்டில் நான் இதை விட்டுவிட்டேன், குழந்தை குனிந்தபோதெல்லாம் முதுகு தெரிந்தது.

துணி டயப்பர் போடுகிறீர்கள் என்றால் இந்த வளைவு போதாது. கவட்டில் தையல்கள் கூடும் இடத்தில் பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரத் துண்டு ஒன்றைச் சாய்சதுரமாக வைத்துத் தைத்தால் தாராளமாக இடம் கிடைக்கும்.

தையலுக்கு ஜிக்ஜாக்கே (வளைந்து வளைந்து போகும் தையல்) போதும், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லையே என்று தயங்க வேண்டாம். பின்னல் துணிக்கான முனை மழுங்கிய ஊசி, பாலியஸ்டர் நூல், நீளத் தையல். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், இழுத்தால் தையல் அலை அலையாக நெளியும். அப்படியும் நெளிந்தால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடலாம்.

இடுப்புக்கு எலாஸ்டிக் போடலாம், ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்வெட்டரின் கீழ்ப்பட்டியை வெட்டி இடுப்புப் பட்டியாக வைப்பது. வயிற்றை இறுக்காது, தோலில் தடமும் விழாது.

மிச்சமிருக்கும் உடம்புப் பகுதியில் குல்லா வரும். ஆறு மாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 42, 43 செ.மீ. இருக்கும், குல்லா அதைவிட 2 செ.மீ. குறைவாக இருந்தால் கழன்று விழாது. இரண்டு துண்டுகளைக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெட்டிச் சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான். பொத்தான், மணி, நீளக் கயிறு எதுவும் வேண்டாம். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள்.

தைத்ததைக் கையால், வெதுவெதுப்பான தண்ணீரில், கம்பளிக்கான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்துக் காய வையுங்கள். வீட்டில் துணி துவைக்கிற எல்லோரிடமும் இதை மறக்காமல் சொல்லிவையுங்கள். இன்னொரு முறை வெந்நீரில் விழுந்தால் அந்தப் பேன்ட் பொம்மைக்குத்தான்.